சேப்பாக்கத்தில் சக்கர நாற்காலிக்கான இடம்: டிக்கெட்டை எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி (கீழக்கரைத் தங்கை):

அனைவருக்கும் வணக்கம். என் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) சங்கு குளிக்கும் தொழிலில் இருந்தவர். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் ஏற்பட்ட அழுத்தக் கோளாறினால் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல், சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். மாலையில் கடற்கரையில் பையன்கள் பந்து போடும்போது இன்றும் அவர்தான் நடுவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சேப்பாக்கத்தில் ஒரு ஐபிஎல் ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. அடுத்த பருவத்தில் அதை நிறைவேற்றியே தீருவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம்.

சென்ற முறை விற்பனை தொடங்கிய காலையில் முயன்று பார்த்தோம். இருக்கை வரைபடத்தில் ஒவ்வொரு கேலரியும் ஒவ்வொரு நிறத்தில் விலையுடன் தெரிந்ததே தவிர, சக்கர நாற்காலிக்கான குறியீடு எங்கள் கண்ணில் படவில்லை. இணைய வரிசையில் நெடுநேரம் காத்திருந்து உள்ளே நுழைந்தால், சில நிமிடங்களுக்குள் இருக்கையைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் யாரிடம் போய் விசாரிப்பது? வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், ஏதாவது ஒரு டிக்கெட்டை வாங்கி வாருங்கள், மற்றதை வாசலில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். 500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வந்தவரை வாசலில் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்தே நாங்கள் அன்று வாங்காமல் விட்டுவிட்டோம்.

இத்தகைய இருக்கையை யாரிடம், எப்போது கேட்க வேண்டும்? அவருடன் நாங்கள் இருவரும் பக்கத்தில் அமர முடியுமா, அல்லது ஒருவருக்கு மட்டும்தான் அனுமதியா? எந்தச் சான்றைக் காட்ட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (சாயல்குடி பனங்காட்டான்):

அன்புள்ள தங்கைக்கு, பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து நானும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். அதன் பிறகும் ஆட்டங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் போவதை நான் விடவில்லை. ஆகவே, எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

வாசலில் பார்த்துக்கொள்வார்கள் என்ற சொல்லை நம்பி ஒருபோதும் பணம் கட்டாதீர்கள். வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அன்று ஒரு நாளைக்காக அமர்த்தப்பட்ட பாதுகாப்புப் பணியாளர். எந்தக் கேலரிக்குச் சாய்தளம் இருக்கிறது, எந்த மின்தூக்கி எங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது. போட்டி அட்டவணை வெளியான உடனே, விற்பனை தொடங்குவதற்கு முன்பாகவே, போட்டியை நடத்தும் அணிக்கும், மைதானத்தை நிர்வகிக்கும் சங்கத்துக்கும், டிக்கெட் விற்கும் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழி அடுத்த ஆள் எடுத்தால் மாறிவிடும்; எழுத்தில் வந்த பதில் மாறாது. அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், ஏனென்றால் கூட்டம் கூடிய மைதானத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது அரிது.

சாலையில் வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து இருக்கை வரை வழி முழுவதையும் மனத்தில் நடத்திப் பார்த்து, அந்த மின்னஞ்சலை எழுத வேண்டும். எந்த வாயில், அங்கே படியா, சாய்தளமா, மேல்தளம் என்றால் மின்தூக்கி ஆட்டம் முடிந்த பிறகும் இயங்குமா என்றெல்லாம் கேளுங்கள். நாற்காலி நிற்க ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் அகலமும் 1200 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சமதளம் வேண்டும். சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற கணக்கை மிஞ்சக் கூடாது, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். காக்காவின் நாற்காலியை ஒரு சக்கரத்தின் கைவளையத்திலிருந்து மறு கைவளையம் வரை அளந்து, அந்த அகலத்தையும் எழுதிவிடுங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளி என்ற படம் ஒட்டிய கழிப்பறைகளிலும் நாற்காலியின் முன்சக்கரம் மட்டும் உள்ளே போய், கதவைச் சாத்த முடியாத நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

பார்வை மறைவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் இசை நிகழ்ச்சியில் எனக்கென்று ஓர் இடம் கொடுத்தார்கள். சமதளம், நிழல், பக்கத்தில் மின்விசிறி, எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் முன்வரிசைகள் எழுந்து நின்றுவிட்டன. அதன் பிறகு இரண்டரை மணி நேரமும் எனக்குத் தெரிந்தவை வியர்வையில் ஒட்டிய சட்டை முதுகுகளும் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளும் மட்டுமே. கிரிக்கெட்டிலும் சிக்சர் பறக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டம் எழும்; பார்க்கத் தகுந்த நேரமே அதுதான். ஆகவே, முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் ஆடுகளம் தெரியுமா என்ற கேள்வியை இதே சொற்களில் கேளுங்கள். திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் தரையைப் பற்றியும் கேட்க வேண்டும். நம் கடற்கரை மணலில் நாற்காலி எப்படிப் புதையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மழை பெய்த புல்தரையும் அப்படித்தான்.

ஐபிஎல் ஆட்டங்கள் பிற்பகல் 3.30 மணிக்கோ இரவு 7.30 மணிக்கோ தொடங்கும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது, உடல் சூடு தணியாது. சென்னை வெயிலில் பிற்பகல் ஆட்டம் வேண்டாம், இரவு ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள். உட்காரும் மெத்தையை மறக்காதீர்கள். ஆட்டத்தின் விறுவிறுப்பில் உடலைத் தூக்கி அழுத்தம் மாற்ற மறந்துவிடுவார், நீங்கள்தான் அரை மணிக்கு ஒரு முறையாவது நினைவூட்ட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். பையும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்), மருந்து ஆகியவற்றுக்கு மருத்துவரின் சீட்டு ஒன்றை வாங்கி, அதையும் மின்னஞ்சலுடன் இணைத்து முன்னனுமதி கேளுங்கள்.

ரயில் பயணத்துக்குப் படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றாம் ஏசியிலும், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கும். இதற்கான ரயில்வே அடையாள அட்டை இல்லையென்றால், நம் பகுதி மதுரைக் கோட்டத்தில் இருப்பதால் அங்கே இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இரவு ஆட்டம் முடிய 11 மணிக்கு மேலாகிவிடும், அன்றே திரும்ப முடியாது. தங்குமிடத்துக்கும் கழிப்பறைக் கேள்வி பொருந்தும். நகருக்குள் மெட்ரோ நல்லது. மைதானத்துக்கு அருகில் உள்ள அரசினர் தோட்டம் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது.

பதில் 2 (இராமநாதபுரம் வானொலி நேயர்):

பார்வையற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இருக்கை வரைபடம் பல செயலிகளில் வெறும் படமாகவே இருப்பதால், திரையை வாசிக்கும் மென்பொருள் அதில் எதையும் படிப்பதில்லை. விரலை எங்கே வைத்தாலும் ‘பொத்தான், பொத்தான்’ என்ற ஒலிதான் கேட்கிறது, அதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடுகிறது. மின்னணுச் சேவைகளை அணுகும் வாய்ப்பு, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. சகோதரி எழுதும் மின்னஞ்சலில், செயலி வழியாக அல்லாமல் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ பதிவு செய்ய ஒரு வழி வேண்டும் என்பதையும் சேர்த்தால், எங்களைப் போன்றவர்களுக்கும் அது உதவும்.

பதில் 3 (தொண்டியிலிருந்து, இப்போது நியூஜெர்சி):

அமெரிக்காவில் இதற்கென்று 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிகளைச் சொல்கிறேன். அவை இந்தியாவில் செல்லாது. ஆனால் எதைக் கேட்பது நியாயம் என்பதற்கு அவை நல்ல அளவுகோல்.

மற்ற இருக்கைகள் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வழியில் விற்கப்படுகின்றனவோ, மாற்றுத்திறனாளி இருக்கைகளும் அதே நாளில், அதே நேரத்தில், அதே வழியில் விற்கப்பட வேண்டும். விலையைக் கூட்டக் கூடாது. மலிவான பகுதி முழுவதும் படிகளாக இருந்தால், நாற்காலி போகக்கூடிய வேறு பகுதியில் அந்த மலிவு விலைக்கே இடம் தர வேண்டும். சக்கர நாற்காலி இடம் ஒன்றை வாங்குபவர், இடம் இருக்கும்வரை, அதே வரிசையில் ஒட்டினாற்போல இன்னும் மூன்று இருக்கைகள் வரை வாங்கலாம். எனவே, நீங்கள் இருவரும் காக்காவுடன் அமர நினைப்பது மிகையான கோரிக்கையே அல்ல. ஊனத்துக்குச் சான்று கேட்க அங்கே அனுமதி இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்காகத்தான் வாங்குகிறீர்களா என்று கேட்கலாம், அவ்வளவுதான். மற்ற இருக்கைகள் விற்றுத் தீரும் முன்பு இந்த இடங்களைப் பொது விற்பனைக்குத் திறந்துவிடவும் முடியாது. சாயல்குடி அண்ணன் சொன்ன பார்வை மறைப்புக்கும் அங்கே கட்டட விதி இருக்கிறது: பார்வையாளர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கப்படும் அரங்கில், நிற்பவர்களின் தலைக்கு மேலாகவோ இடையிலோ பார்க்கும்படி சக்கர நாற்காலி இடம் அமைய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காக்காவிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். இரவு ஆட்டம்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். மின்னஞ்சலுக்குப் பதிலே வராவிட்டால் என்ன செய்வது? நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா, அல்லது அவர்கள் தயவை எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டுமா?

பதில் 4 (மண்டபம் வழக்கறிஞர்):

தயவுக்கு இங்கே வேலை இல்லை, அம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும், பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படும் கட்டடங்களும் அடங்கும். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று 45ஆம் பிரிவு கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, அந்தக் கெடு முடிந்துவிட்டது. சேவை வழங்குவோர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அணுகல் விதிகளின்படியே சேவை தர வேண்டும் என்று 46ஆம் பிரிவு சொல்வதால், டிக்கெட் விற்பவரிடமும் நீங்கள் உரிமையோடு கேட்கலாம். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிடாமல் கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டிருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், தொடர்ந்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. துணையாளருக்கு இலவச டிக்கெட் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைக் கோரிக்கையாக மட்டும் வையுங்கள்.

சான்றாக யுடிஐடி அட்டையின் (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனி அடையாள அட்டை) நகல் ஒன்றே போதும், மருத்துவக் கோப்பு முழுவதையும் அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலில் இவ்வாறு எழுதலாம்: ‘என் சகோதரர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். இன்ன தேதியில் நடைபெறும் போட்டிக்கு, அவருக்குச் சக்கர நாற்காலி இடம் ஒன்றும், அதை ஒட்டி இரண்டு இருக்கைகளும், பொது விற்பனை தொடங்கும் அதே நேரத்தில், அறிவிக்கப்பட்ட விலையில் வாங்க விரும்புகிறோம். நுழைவாயில், வழி, கழிப்பறை, பார்வை வசதி ஆகியவற்றை எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டுகிறோம்.’ ஏழு நாளில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலை இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்புங்கள். இத்தகைய குறைகளை விசாரிக்கும் பொறுப்பு 80ஆம் பிரிவின்படி அவருடையது, சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் 82ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. மனுவின் நகலை இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுதும்போது உதவி தேவைப்பட்டால் இந்த இழையிலேயே கேளுங்கள், கட்டணம் எதுவுமின்றி எழுதித் தருகிறேன்.