கேட்டது வேலை, வந்தது சாப்பாடு

ஊத்தங்கரையிலிருந்து:

சாட்சியம் சொல்பவர்களிடம் எனக்கு நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. "மிகவும் கஷ்டப்பட்டோம், செபித்தோம், ஆண்டவர் வேலை கொடுத்தார்" என்று மூன்றே வாக்கியத்தில் கரையேறிவிடுகிறார்கள். செபித்ததற்கும் வேலை கிடைத்ததற்கும் நடுவில் கிடந்த மாதங்களில் அரிசி எங்கிருந்து வந்தது, மின்கட்டணம் யார் கட்டினார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்த நடுப்பகுதியை மட்டும் நான் சொல்கிறேன். முடிவு என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இன்னும் எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் இடையில் ஒரு கிராமம் எங்களுடையது. கத்தோலிக்கக் குடும்பம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். 2024இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. லாரி ஓட்டிய மனிதர், தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு தீபாவளிக்குச் சற்று முன்னால் ஒப்பந்தக்காரர் எங்கள் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தினார். ஆர்டர் வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார். இன்றுவரை கூப்பிடவில்லை.

பிறகு மழை. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், புயலெல்லாம் சென்னைக்காரர்கள் கவலை என்று இருந்த ஊர் இது. அந்த டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பக்கம் மண்சுவர். அது சரிந்தது, அரிசி மூட்டையின் மேலேயே.

நான் அப்போது செபத்தில் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: வேலை. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதைப் போல, படிப்பு, வயது, அனுபவம் எல்லாம் சேர்த்தே ஆண்டவரிடம் சொன்னேன். பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன், அண்ணன் முறை, ஏதாவது செய்வார், பங்குக் கோயிலில் பெரிய மனிதர் யாராவது பரிந்துரைப்பார் என்று எந்தெந்த வழியாகக் கொடுக்கலாம் என்பதையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் இரண்டு முறை போனை எடுத்தார். பிறகு எடுக்கவில்லை.

வந்தது சாப்பாடு. சுவர் விழுந்த மறுநாள் காலை, அடுத்த வீட்டு ஆயா களியுருண்டைகளை ஒரு குண்டானில் போட்டு, மேலே மொச்சைக்கொட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். மாரியம்மனுக்கு ஆடி தவறாமல் கூழ் ஊற்றுகிறவள். "உங்கள் சாமி தூங்கிவிட்டது போலிருக்கிறது, என் சாமி அனுப்பியது, சாப்பிடுங்கள்" என்றாள். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. அப்பா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலும் அது சிரிப்புதான்.

ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், ஐ.டி.ஐ. படிக்கும் தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வந்தது. இயன்முறை மருத்துவர் வந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டப் பழக்கினார். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். என் தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "இதெல்லாம் அரசாணை போட்டு வருகிறது அக்கா. உன் ஆண்டவர் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், காட்டு" என்பான். பைபிளில் இறைவாக்கினர் எலியாவுக்கு அப்பம் கொண்டுபோன காகமும் ரசீது கொடுக்கவில்லை என்பேன். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அரசாங்கம் கொடுத்ததை ஆண்டவர் கணக்கில் எழுதி அரசாங்கத்தை மறந்துவிடக்கூடாது என்பதில் மட்டும் நான் அவன் பக்கம். பட்டதாரிகளுக்கான வேலையில்லா உதவித்தொகை எனக்குக் கிடைக்கவில்லை. பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டுமாம். ஐந்து ஆண்டு வேலையில்லாமல் இருந்து காட்ட வேண்டும் என்ற விதியை எழுதியவரை ஒருநாள் நேரில் பார்க்க ஆசை.

தை பிறந்ததும் புளி வந்தது. எங்கள் பக்கம் தை முதல் சித்திரை வரை வீட்டுக்கு வீடு புளி தட்டும் சத்தம்தான். வியாபாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின்மேல் வைத்துச் சின்ன இரும்புத் தடியால் ஒரு தட்டு. கொட்டை பிதுங்க வேண்டும், சதை நசுங்கக்கூடாது. கை பழக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் நகக்கண்ணெல்லாம் புளிப்பேறி வெடித்துவிடும். இரவு சோற்றில் குழம்பு பட்டாலே சுரீர் என்னும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வேதியியல் படித்தவள் புளியின் டார்டாரிக் அமிலத்தைக் கையாலேயே தெரிந்துகொண்டாள் என்று தம்பி கேலி செய்தான்.

எங்களுக்கு மூட்டை போட்ட பாய் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மண்டி வைத்திருப்பவர்களுக்காகப் புளி சேர்ப்பவர். அதிகம் பேசமாட்டார். தராசு முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எங்கள் பக்கமாகவே கணக்கு எழுதுவார். 2025இல் மார்ச் 2ஆம் தேதி அவர்களுக்கு ரமலான் நோன்பு தொடங்கியது. 5ஆம் தேதி எங்களுக்குச் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். எங்கள் வீட்டில் தவக்காலம் ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம். அந்த மாதம் முழுவதும் மாலையில் ஒரு பையன் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மேலே கொத்தமல்லி, உள்ளே பூண்டும் வெந்தயமும். அப்பாவுக்கு மென்று விழுங்குவது அப்போது கஷ்டம். குழைந்த கஞ்சி தொண்டையில் நிற்காமல் இறங்கியது. யாரும் பாயிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. கூலி வாங்க வரும்போது வாசலில் நின்று அப்பாவைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தத் தவக்காலத்தில்தான் எலியாவின் கதையை நிதானமாகப் படித்தேன். அரசர்கள் முதல் நூலில் பதினேழாம் அதிகாரம். நம் ஊரில் அமாவாசைக்கு நாம் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். அங்கே காகம் மனிதனுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகிறது, காலையிலும் மாலையிலும். யூதச் சட்டப்படி தீட்டான பறவை அது. பிறகு ஓடை வற்றிவிடுகிறது. அடுத்து எலியா அனுப்பப்படுவது சீதோன் நாட்டுச் சாரிபாத்தில் ஒரு கைம்பெண்ணிடம். வேற்று நாடு, வேற்றுச் சமயம், ஒரு கையளவு மாவு. இஸ்ரயேலில் கைம்பெண்களே இல்லையா என்ன? இதை இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எடுத்துச் சொன்னபோது கேட்டவர்களுக்கு வந்த கோபத்தில் அவரை மலையுச்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆயாவின் குண்டானையும் பாயின் தூக்குவாளியையும் பற்றி எங்கள் அன்பியக் கூட்டத்தில், பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் இடத்தில், சொன்னபோது யாரும் என்னை மலைக்கு இழுத்துப் போகவில்லை. ஒரு அக்கா மட்டும், பூசை வைத்த சோறா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

இடையில் குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் ஊத்தங்கரை நூலகத்துக்குப் போய்வர முடிந்தது. ஜூலை 12 அன்று எழுதினேன். கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, மாம்பழ சீசனில், மாங்கூழ் ஆலை ஒன்றில் ஆய்வகத்துக்கு வேதியியல் படித்த பெண் தேவை என்று பாயின் மைத்துனர் வழியாகத் தகவல் வந்தது. பெங்களூரா ரக மாங்கூழில் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 14க்குக் குறையாமல் இருக்கிறதா, அமிலத்தன்மை எவ்வளவு என்று பார்த்து எழுதும் வேலை. சீசனோடு முடிந்துவிட்டது. அடுத்த சீசனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா இப்போது டம்ளரைப் பிடிக்கிறார், பாதி நிரப்பினால்.

பாலக்கோட்டிலிருந்து:

தங்கை சொன்ன நடுப்பகுதி எனக்கும் உண்டு. நான் முருக பக்தன். கல்லூரி முடித்த காலத்தில் அப்பா தக்காளி போட்டுக் கடனாளியானார். பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். விலை விழுந்த நாளில் பெட்டிக்கூலிகூட மிஞ்சாது, சாலையோரம் கொட்டிவிட்டு வருவோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று தருமபுரியில் நண்பன் அறையில் தங்கிவிட்டேன். காலையில் டீ. மதியத்துக்குக் கோயில் அன்னதானம்.

2002இல் தொடங்கிய திட்டம் அது. முதல் நாள் தூணுக்குப் பின்னால் நின்றேன், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. பரிமாறும் அம்மா என் கையிலிருந்த பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து, "படிக்கிற பிள்ளை, நேரமாகும்" என்று முதல் பந்தியிலேயே உட்காரவைத்துவிட்டார். பரிதாபப்பட்டிருந்தால் நான் திரும்பப் போயிருக்கமாட்டேன். நேரமாகும் என்று சொன்னது என்னைக் காப்பாற்றியது. சாம்பாரில் பூசணிக்காய் தவிர வேறு காய் பார்த்த நினைவில்லை. இப்போதும் என் மனைவி பூசணிக்காய் வாங்கிவந்தால் எனக்குப் பசிக்கும்.

சாப்பிட்டவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறவர் வராத நாட்களில் நான் எழுதிக்கொடுத்தேன். அந்தப் பதிவேட்டில் என் பெயரை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முருகன் கொடுத்தான் என்றுதான் அன்றும் இன்றும் சொல்வேன்.

தங்கைக்கு ஒரு கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசப் பயிற்சி நடக்கிறது என்கிறார்களே, போனீர்களா? என் அக்கா மகனுக்குத் தேவை.

சந்தூரிலிருந்து:

அக்கா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் 2025 சீசனில்தான் எங்கள் தோட்டத்துப் பெங்களூராவுக்கு விலையே இல்லாமல் போனது. ஆலைகள் கொடுத்த விலையில் பறிகூலியும் வண்டி வாடகையும்கூட கட்டுப்படியாகவில்லை. பாதிக் காயை மரத்திலேயே விட்டோம். எங்கள் அம்மாவும் அதே மாதம் கிருத்திகை விரதம் இருந்தார். எனக்கும் இருபத்துமூன்று வயது, எனக்கும் வேலை இல்லை. உங்களுக்குக் கொடுத்தவர் எங்களிடமிருந்து எடுத்தாரா? கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மீண்டும் ஊத்தங்கரையிலிருந்து:

சந்தூர் தம்பி, இந்தக் கேள்வி சீசன் முழுவதும் ஆலை வாசலிலேயே நின்றது. காய் ஏற்றிய டிராக்டர்கள் இரவும் பகலும் வரிசையில் கிடந்தன. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். காய் முற்றவில்லை என்று லோடு திரும்பிய நாட்களில் அந்த அளவை எழுதிக் கொடுத்த கை என்னுடையது. மாலையில் அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவுக்குப் பால் வாங்கினேன். ஆண்டவர் உங்களிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார் என்று நான் நம்பவில்லை. அப்படிப்பட்டவரிடம் எனக்குச் செபிக்கவும் வராது. விலையைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள், அவர்களுக்கு முகவரி இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவின் விரதத்துக்கு என்ன கிடைத்தது என்றால் என்னிடம் பதில் இல்லை. அதை என் சாட்சியத்திலிருந்து விட்டுவிடவும் மாட்டேன். அடுத்த அன்பியக் கூட்டத்தில் சந்தூர் வீடு என்று சொல்லியே செபிப்போம். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? வரும் சீசனுக்கு ஆய்வகத்தில் இன்னும் ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு இருக்கிறது. விவசாயி வீட்டுப் பிள்ளை ஒருவர் உள்ளே இருந்தால் முற்றிய காய் எது என்பதில் எனக்கே உதவியாக இருக்கும்.

பாலக்கோட்டு அண்ணா, பயிற்சி நடப்பது உண்மைதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று கேட்க வேண்டும். கட்டணம் கிடையாது. நான் மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் கிருஷ்ணகிரி போனேன், பஸ் செலவு காரணமாக. தருமபுரியிலும் நடக்கிறது. அக்கா மகனை ஆதார் நகல், புகைப்படம், தேர்வுக்கு விண்ணப்பித்த நகல் ஆகியவற்றோடு நேரில் போகச் சொல்லுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு போனால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். மதியச் சாப்பாடு மட்டும் கையோடு கொண்டுபோகட்டும்; இல்லையென்றால் அந்தக் கோயில் எது என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.