ஜப்பானியப் பாடகி யுயி பாட்டு கிட்டாரில்: எதில் தொடங்கலாம்?

கேள்வி, மதுரை அண்ணாநகர்:
யுயி பாட்டு வாசிக்கணும். எஃப் கார்டு (ஆள்காட்டி விரலால எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குற சுரக்கூட்டு) பிடிச்சா ரெண்டு கம்பி ஊமையா நிக்குது. எந்தப் பாட்டு சரியா வரும்ணே?

பதில் 1:
'குட்பை டேஸ்' எடுங்க தம்பி. 2006ல 'தையோ நோ உதா'ங்கிற ஜப்பானியப் படத்துல வந்தது, அதுல யுயியே நாயகி. வேகம் கம்மி, கார்டு மாத்த நேரம் கிடைக்கும். 2009ல வந்த 'அகெய்ன்' அருமையான பாட்டு, ஆனா இப்ப வேணாம். ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை மொத்தமா மீட்டுறது) ரொம்ப வேகம்.
எஃப்புக்கு ஆள்காட்டி விரலைத் தட்டையா அழுத்தாதீங்க. லேசா உருட்டி, எலும்புப் பக்கம் கம்பியில படுற மாதிரி, ஃப்ரெட்டை (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகக் கோடு) ஒட்டி வைங்க.

பதில் 2:
கேப்போவை (எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) ரெண்டாவது ஃப்ரெட்டுல போட்டு அதே கார்டைப் பிடிச்சுப் பாருங்க. சுலபமா வந்தா நட் (கழுத்து நுனியில கம்பியைத் தாங்குற பட்டை) உயரம்னு அர்த்தம். கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட நட்டுல கம்பி உக்கார்ற பள்ளத்தை அராவித் தரச் சொல்லுங்க, நீங்களே அராவ வேணாம். 12 கேஜ் (கம்பியோட தடிமன்) கம்பின்னா, மெல்லிசான 11க்கு மாறுங்க.

பதில் 3:
சித்திரை வெயில்ல கிட்டாரை மொட்டைமாடி ரூம்ல வைக்காதீங்க. பிரிட்ஜ் (உடம்புல கம்பியைக் கட்டுற கட்டை) பசை இளகித் தூக்கிக்கும், கம்பி இன்னும் மேல ஏறிடும்.