மறு: "தொடுவான விளைவு" – சொல்லை மாற்றலாமா?

வணக்கம். சதுரங்க நிரல்களுக்கான கலைச்சொல் பட்டியலில் "தொடுவான விளைவு" என்றொரு சொல் உள்ளது. நிரல் தேடிப் பார்க்கும் ஆழத்துக்கு அப்பால் இருக்கும் இழப்பைக் காணத் தவறும் பிழை அது. 1973இல் ஹான்ஸ் பெர்லினர் வைத்த ஆங்கிலப் பெயரின் (horizon effect) நேர் பெயர்ப்பு. "தேடல் எல்லைப் பிழை" என்றால் தெளிவாக இருக்குமே? அஞ்சல்வழி ஆட்டத்தில் 10 நகர்வுக்கு 50 நாள் கெடு. அவ்வளவு நேரம் நிரலைக் கணிக்க விட்டால் இந்தப் பிழையே மறைந்துவிடும் அல்லவா?

---

மறையாது ஐயா, தள்ளிப்போகும். நடக்க நடக்க விலகுவது தொடுவானம். 'எல்லை' என்றால் என்றாவது கடந்துவிடலாம் என்று தோன்றும். பெர்லினரே 5ஆவது அஞ்சல்வழி உலக வாகையர். நாள்கணக்கில் யோசிக்கும் ஆட்டம் அவருக்குப் புதிதல்ல.

நிரல் 8 அரைநகர்வு (ஒரு பக்கம் ஆடும் ஒரு முறை) ஆழம் பார்க்கிறது, 7ஆவதில் பிஷப் வெட்டுப்படும் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு சிப்பாயைக் கொடுத்துச் செக் வைத்தால், செக்கும் பதிலுமாக 2 அரைநகர்வு கூடி இழப்பு 9ஆவதற்குப் போய்விடும். நிரலுக்குப் பிஷப் பிழைத்த கணக்கு. உண்மையில் சிப்பாயும் போய், பிறகு பிஷப்பும் போகும். தள்ளிப்போட்டதைத் தப்பித்ததாக எண்ணும் இந்த மயக்கம்தான் கோளாறின் உயிர். ஆகவே என் பரிந்துரை: தொடுவான மயக்கம்.

இன்றைய நிரல் ஆழம் 50 என்று காட்டினாலும் எல்லாக் கிளையையும் (நகர்வுத் தொடரையும்) அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. உருப்படாது என்று கருதும் கிளைகளை முன்பே வெட்டுகிறது, குறுக்குகிறது. எனவே கிளைக்குக் கிளை தொடுவானம் வேறு. ஒரே நிலையில் 3 நாள் ஓடவிடுவதால் பயன் குறைவு. முதன்மை வரிசையில் (நிரல் சிறந்ததாகக் காட்டும் நகர்வுத் தொடரில்) 10, 12 அரைநகர்வு கையால் முன்னே போய், அங்கே கணிக்க விட்டு, ஒவ்வொன்றாகப் பின்னே வர வேண்டும். முன்னே போகப் போக மதிப்பு சரிந்தால் மயக்கம் என்று அறியலாம். இடையில், நிரல் கணித்த நிலைகளின் மதிப்பைச் சேமித்து வைக்கும் நினைவக அட்டவணையைத் துடைக்கக் கூடாது. அது சிறியதாக இருந்தாலும், முன்னே கண்டது மேலெழுதப்பட்டு, திரும்பி வருவதற்குள் பழைய மதிப்பே மீண்டும் வரும். பலகையில் 7 காய்க்கு மேல் இல்லையென்றால் எல்லா நிலைக்கும் முடிவை முன்பே கணித்து வைத்த இறுதியாட்டத் தரவுத்தளமே விடை சொல்லும். அங்கே தொடுவானம் இல்லை.

---

விளக்கம் பிடித்தது. ஆனால் 'மயக்கம்' என்றால் தலைசுற்றல் என்று படிக்க மாட்டார்களா?

---

இலக்கணத்தில் வேற்றுமை மயக்கம், திணைமயக்கம் உண்டே. ஒன்று இன்னொன்றாகத் தோன்றுவதற்குத் தமிழில் பழகிய சொல் அது. ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும்: உடைக்கவே முடியாத தற்காப்பின் முன் நிரல் +1.5 (ஒன்றரைச் சிப்பாய் அளவு சாதகம்) என்று நாள்கணக்கில் காட்டிக்கொண்டிருப்பது. அங்கே இழப்பு எதுவும் தள்ளிப்போவதில்லை, முன்னேற வழியில்லை என்பதே நிரலுக்குத் தெரிவதில்லை. அதற்குக் "கோட்டை நிலை" என்று தனிப் பதிவு இடுங்கள். 'அரைநகர்வு' அப்படியே இருக்கட்டும்; 'படி' என்று மாற்றினால் நகர்வுகள் கிளைவிடும் மர வரைபடத்தின் மட்டத்தோடு குழம்பும்.