பாட்டி பெல் ஏன் அடிக்கல

ராஜி அத்தை: கார்த்தி எந்திரிச்சிட்டியா. அம்மா ராத்திரி 2 மணிலேந்து நீ மாட்டுன வைஃபை பெல்ல அமுக்கிட்டே இருந்திருக்காங்க, ஒருத்தர் ஃபோன்லயும் மெசேஜ் வரல. காலைல போய் பாத்தா மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு படுத்திருக்காங்க

சித்தி: ஐயோ. எங்களுக்கும் வரல அண்ணி

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌹🌹

சித்தப்பா: நான் அப்பவே சொன்னேன், சாதா காலிங் பெல் போதும்னு

ராஜி அத்தை: சொன்ன. வந்து மாட்டுனியா

கார்த்தி: லேப்டாப்போட கிளம்பிட்டேன் அத்தை

கார்த்தி: வந்துட்டேன். பெல்லுக்குள்ள இருக்க சர்க்யூட் போர்டுல சிவப்பு லைட்டு எரியுது, ஆனா லேப்டாப்ல அதோட யூஎஸ்பி போர்ட்டே காட்டல

ரவி மாமா: லைட் எரிஞ்சா நல்லாத்தானே இருக்கு?

திவ்யா: எந்த கேபிள்டா

கார்த்தி: டிவி மேல இருந்துச்சு, மாமாவோட ட்ரிம்மர் கேபிள்

திவ்யா: 🤦‍♀️ அது கரண்ட் மட்டும்தான் கொண்டு போகும், உள்ள டேட்டா ஒயரே இருக்காது. ஃபோன்லேந்து ஃபோட்டோ காப்பி பண்ற கேபிள எடு

ரவி மாமா: என் கேபிள யார கேட்டு எடுத்த

சித்தப்பா: மச்சான் என் ட்ரில்லிங் மெஷின் உங்க வீட்டுல எட்டு மாசமா இருக்கு, அத பத்தி பேசலாமா

கார்த்தி: வேற கேபிள் மாட்டுனேன், போர்ட் வந்துருச்சு. அப்லோடும் ஆகுது. போர்டு அனுப்புறத காட்டுற சீரியல் மானிட்டர தொறந்தா ஒரு எழுத்து இல்ல, வெறும் வெள்ளை

சித்தப்பா: தம்பி கார்த்தி, சீரியல்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கோ, போர்டு ஒவ்வொரு எழுத்தையும் பிட் பிட்டா ஒத்தை ஒயர்ல அனுப்புது, 9600னா செகண்டுக்கு 9600 பிட், எழுத்துக்கு 8 பிட், முன்னாடி ஒரு ஸ்டார்ட் பிட் பின்னாடி ஒரு ஸ்டாப் பிட், ஆக 10, அப்போ செகண்டுக்கு 960 எழுத்துதான் போகும், இப்ப போர்டு 115200ல பேசி நீ 9600ல கேட்டா கணக்கு ஒத்து வராது இல்லயா, அதனால மானிட்டர் மூலைல இருக்க அந்த நம்பர 9600 வை, நான் யூனோ போர்டுல எல்லாமே 9600லதான் பண்ணேன், ஒரு நாள் கூட நிக்கல

சித்தி: இத நேர்ல கேட்டா ஒரு மணி நேரம் ஆகும், தப்பிச்சீங்க

கார்த்தி: 9600, 115200 ரெண்டும் வெச்சு பாத்துட்டேன் சித்தப்பா

திவ்யா: சித்தப்பா வேகம் தப்பா இருந்தா கட்டம் கட்டமா கேள்விக்குறியா ஏதாவது கிறுக்கலாச்சும் வரும். இங்க கிறுக்கலே இல்லயே. போர்டு பேசல, இல்லன்னா வேற பக்கம் திரும்பி பேசுது

சித்தப்பா: அப்போ டிஎக்ஸ் ஆர்எக்ஸ், அதான் அனுப்புற ஒயரு வாங்குற ஒயரு, மாத்தி மாட்டிருப்பான்

கார்த்தி: யூஎஸ்பில போடுறேன் சித்தப்பா, தனி ஒயரே இல்ல

திவ்யா: ப்ரோக்ராம் ஓடுதான்னு மொதல்ல பாரு. திரும்ப திரும்ப ஓடுற லூப் பகுதில லைட்ட சிமிட்ட விடு

கார்த்தி: நீல லைட்டு சிமிட்டுது. ஓடுது

பெரியப்பா: யாருக்கு என்ன ஆச்சு?? அம்மா நல்லா இருக்காங்களா

ராஜி அத்தை: எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணா. பெல்லுதான் ரிப்பேர்

பெரியப்பா: சரி சரி. மேல ஏறி படிக்க கண்ணாடி இல்ல

திவ்யா: டேய் இது பழைய போர்டா

கார்த்தி: இல்ல, போன வாரம் மாத்துனேன். பழசுல அத்தை பெருக்கும்போது ஒயர இழுத்து யூஎஸ்பி வாயே பேந்துருச்சு

ராஜி அத்தை: நான் இழுக்கல. தரைல கெடந்துச்சு

கார்த்தி: இப்ப இருக்கறது ஈஎஸ்பி32 சி3, விரல் நகம் அளவு குட்டி போர்டு. பழைய கோட அப்படியே ஏத்துனேன், அன்னைக்கு மெசேஜ் வந்துச்சு, அதனால மானிட்டர தொறக்கவே இல்ல

திவ்யா: அதான் விஷயம். பழசுல யூஎஸ்பிக்குன்னு நடுவுல தனி சிப் இருந்துச்சு, சீரியல்ல என்ன அனுப்புனாலும் அது வழியா லேப்டாப்புக்கு வந்துரும். சி3ல யூஎஸ்பி மெயின் சிப்புக்குள்ளயே இருக்கு. டூல்ஸ் மெனுல யூஎஸ்பி சிடிசி ஆன் பூட்னு ஒண்ணு இருக்கும், டிஸேபிள்ட்ல இருக்கா பாரு. இருந்தா உன் பிரிண்ட் எல்லாம் 21ஆவது பின்னு வழியா வெளில போயிட்டு இருக்கு, அங்க கேக்க ஆளில்ல

கார்த்தி: ஆமா டிஸேபிள்ட்

சித்தி: அம்மா நெலமையும் அதேதான், பேசுறாங்க கேக்க ஆளில்ல

ராஜி அத்தை: யார சொல்ற

சித்தி: பொதுவா சொன்னேன் அண்ணி

கார்த்தி: எனேபிள் பண்ணி திருப்பி ஏத்திட்டேன். அக்கா வருது!!! ஆனா மேல ரெண்டு வரி காணோம்

திவ்யா: ரீசெட் ஆகும்போது போர்ட்டும் ஒரு தடவ போயிட்டு வரும், அதுக்குள்ள அந்த வரி ஓடிருக்கும். மொதல்ல ஓடுற செட்டப் பகுதில 2 செகண்ட் டிலே போடு. சீரியல் வர்ற வரைக்கும் காத்திருன்னு வைல் லூப் மட்டும் போட்டுடாத, சார்ஜர்ல மாட்டுனா அங்கயே நின்னுக்கும், பாட்டி விடிய விடிய அமுக்கணும்

கார்த்தி: ஹ்ம்ம் போடத்தான் இருந்தேன் 😬

கார்த்தி: வைஃபை கனெக்ட் ஆகுதுன்னு போட்டு புள்ளி புள்ளியா போயிட்டே இருக்கு, நிக்கல

கார்த்தி: இன்னும் விவரமா காட்டட்டும்னு டீபக் லெவல ஏத்துனேன், ரீசன் 15னு திரும்ப திரும்ப வருது

திவ்யா: 15னா பெரும்பாலும் பாஸ்வேர்ட் தப்பு. யாராச்சும் மாத்துனீங்களா

கார்த்தி: அத்தை?

ராஜி அத்தை: எனக்கு என்ன தெரியும், என் ஃபோன்ல வருது

திவ்யா: மாமா?

திவ்யா: மாமா ஆன்லைன்ல இருக்கீங்க

ரவி மாமா: சனிக்கிழமை மாத்துனேன்

ராஜி அத்தை: எதுக்கு?? எங்கிட்ட சொல்லவே இல்லயே

ரவி மாமா: உன் ஃபோன்ல நாந்தான போட்டு குடுத்தேன். ராத்திரி 3 மணி வரைக்கும் அஸ்வின் கேம் ஆடுறான், கண்ணு என்னத்துக்கு ஆகும்

சித்தி: எங்க பையன் ஒரு வாரம் வந்து தங்குனதுக்கா அண்ணா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல

ரவி மாமா: தப்பா எடுத்துக்காதம்மா, நல்லதுக்குதான்

அஸ்வின்: நான் 1 மணிக்கே படுத்துட்டேன்

சித்தப்பா: நீ குரூப்ப விட்டு போய் படி

கார்த்தி: மாமா புது பாஸ்வேர்ட் சொல்லுங்க, மாத்தி ஏத்தணும்

திவ்யா: குரூப்ல போடாதீங்க, தனியா அனுப்புங்க

ரவி மாமா: ஞாபகம் இல்ல. டைரில எழுதிருக்கேன்

கார்த்தி: டைரி எங்க

ரவி மாமா: என் பைல. நான் வெளில இருக்கேன், சாயங்காலம்தான் வருவேன்

சித்தி: சரி அவர் வர லேட் ஆச்சுன்னா இன்னைக்கு ராத்திரி அம்மா ரூம்ல யாரு படுக்கறது

சித்தி: ?

பெரியப்பா: 👍

ராஜி அத்தை: அண்ணா அந்த கட்டை விரல் எதுக்கு, நீங்க வர்றீங்களா

கார்த்தி: போர்ட கழட்டி டிவி மேல வெச்சிருக்கேன், யாரும் தொடாதீங்க. கேபிளையும்

சித்தப்பா: அப்போ கார்த்தி, 9600 வெச்சாலும் வருமா வராதா அத சொல்லு

திவ்யா: இந்த போர்டுல யூஎஸ்பி வழியா வரும்போது எந்த நம்பர் வெச்சாலும் வரும் சித்தப்பா

சித்தப்பா: அதத்தான் நானும் சொன்னேன்