பெரிய கண்ணாடிப் பிரிசம் பெங்களூரில் எங்கே கிடைக்கும்? (அவசரம்)

ராமமூர்த்தி நகர் அம்மா:
வணக்கம். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்குமே, அந்தப் பிரிசம் வேண்டும். கண்ணாடியில், பெரியதாக. எஸ்.பி. ரோடு முழுக்கக் கேட்டாயிற்று, இல்லை என்கிறார்கள். எங்களிடம் இருக்கிற சின்னது பத்தவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

அல்சூர்க்காரன்:
பெரியது என்றால் எவ்வளவு? விரல் நீளமா, முழ நீளமா? எதற்கு, எந்தத் தேதிக்குள்?

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
அம்மா, எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமானும் கம்ப்யூட்டர் பாகங்களும்தான். பள்ளிகளுக்கு லேப் சாமான் சப்ளை செய்கிறவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கே நிறைய சாமான் ஹரியானா அம்பாலாவிலிருந்துதான் வரும், அதனால் ஆர்டர் போட்டால் நாளாகும். பள்ளி லேபில் வழக்கமாக இருப்பது 25, 38, 50 மி.மீ. பிரிசம். அதற்கு மேல் கண்ணாடியில் போனால் விலை ஏறிவிடும். பெரிய கட்டியை மெதுவாக ஆறவைக்காவிட்டால் உள்ளே இறுக்கம் நின்றுவிடும். உங்களிடம் இருப்பது எத்தனை மி.மீ.? என்ன விளக்கு அடித்துப் பார்த்தீர்கள்?

சிடி பிரியன்:
பிரிசமே வேண்டாம். பழைய சிடி ஒன்றை எடுத்து வெயிலில் காட்டுங்கள். ஒரு மி.மீ.க்கு 600 கோட்டுக்கு மேல் இருக்கிறது, பிரிசத்தைவிட எவ்வளவோ அகலமாக விரியும். காசும் மிச்சம்.

எச்.ஏ.எல். தம்பி:
உடைந்த பைனாகுலர் கிடைத்தால் உள்ளே அருமையான பிரிசம் இருக்கும் அக்கா. சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளில் பாருங்கள்.

ராமமூர்த்தி நகர் அம்மா:
பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்கு மகள் பள்ளியில் கண்காட்சி. ஹால் சுவரில் எல்லோருக்கும் தெரியும்படி பெரிய வானவில் வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். மொபைல் டார்ச் அடித்தோம், நடுவில் வெள்ளைதான் வருகிறது, ஓரத்தில் மட்டும் லேசாக நீலமும் சிவப்பும். அதனால்தான் பெரியது தேடுகிறேன்.

ஒளியியல் ஆசான்:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்கும் முன் பழைய இழைகளைப் படிக்கலாம். முப்பட்டகத்தின் (நீங்கள் சொல்லும் பிரிசம்) அளவுக்கும் நிறம் விரியும் கோணத்துக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணாடி எந்த வகை, உச்சிக்கோணம் (ஒளி நுழையும் முகமும் வெளியேறும் முகமும் சேரும் மூலை) எவ்வளவு, இவைதான் கணக்கு. 60 டிகிரி சாதாரண கிரௌன் கண்ணாடியில் ஊதாவுக்கும் சிவப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான். மூன்று மீட்டர் தள்ளிய சுவரில் எட்டு செ.மீ. வரும். பிளின்ட் கண்ணாடியில் இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் யானை அளவுக்கு வாங்கினாலும் இந்தக் கோணம் மாறாது. அடிப்படை தெரியாமல் கடை கடையாக ஏறி என்ன பயன்?

அல்சூர்க்காரன்:
சார், விஷயம் சரி. அந்தக் கடைசி வரி வேண்டாமே. பிள்ளைக்காக அலைகிறார்கள்.

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
அம்மா, ஓரத்தில் மட்டும் நிறம் வந்தது என்று சொன்னீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. வெளிச்சம் அகலமாக விழுந்தால் ஒவ்வொரு நிறமும் அகலப் பட்டையாகத்தான் வெளியே வரும். நடுவில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து திரும்ப வெள்ளை ஆகிவிடும். ஆகவே முதலில் இடுக்கு வேண்டும். கறுப்பு அட்டையில் ஜன்னல் வெட்டி, இரண்டு ஷேவிங் பிளேடை விளிம்போடு விளிம்பாக, இரண்டு மி.மீ. இடைவெளி விட்டு டேப் போட்டு ஒட்டுங்கள் (பெரியவர்கள் ஒட்டவும்). இடுக்கும் பிரிசத்தின் நீள விளிம்பும் ஒரே போக்கில் நிற்க வேண்டும்.

ஹாலில் புரொஜெக்டர் இருந்தால் இன்னும் சுலபம். முழுக் கறுப்பு ஸ்லைடு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு, அதுவே இடுக்கு. லென்ஸுக்கு முன்னால் பிரிசத்தை நிறுத்துங்கள். அளவு இங்கேதான் உதவும்: லென்ஸிலிருந்து வரும் ஒளி முழுக்க உள்ளே போகும் அளவுக்கு முகம் அகலமாக இருந்தால் நிறம் பளிச்சென்று இருக்கும். 50 மி.மீ. தாராளம்.

இன்னொன்று. நிறம் நேர் எதிரே விழாது. கிட்டத்தட்ட 40 டிகிரி திரும்பிப் பக்கவாட்டில் போகும், பலர் எதிர்ச் சுவரையே பார்த்துவிட்டு வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பிரிசத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். சுவரில் நிறப்பட்டை ஒரு பக்கமாக நகரும், ஓரிடத்தில் நின்று அப்படியே திரும்பி வர ஆரம்பிக்கும். அந்த நிற்கிற இடத்தில் பிரிசத்தை வையுங்கள். முக்கோண முனைகளை மட்டும் பிடியுங்கள், முகத்தில் விரல் பட்டால் மங்கிவிடும்.

எச்.ஏ.எல். தம்பி:
அப்போ பைனாகுலர் பிரிசம்?

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
அது 45-90-45 தம்பி. 90 டிகிரி மூலையை உச்சியாக வைத்தால் ஒளி உள்ளேயே முழுசாகப் பிரதிபலித்துவிடும், மறுபக்கம் வராது. 45 மூலையில் விட்டால் நிறம் வரும், ஆனால் 60 அளவுக்கு விரியாது.

மீன் தொட்டி:
பெரியதுதான் வேண்டும் என்றால் தண்ணீர்ப் பிரிசம் செய்யலாம். மீன் தொட்டி செய்கிற கடையில் மூன்று கண்ணாடிப் பலகையை சிலிகான் போட்டு முக்கோணமாக ஒட்டித் தருவார்கள். தண்ணீர் கண்ணாடியைவிடக் குறைவாகத்தான் பிரிக்கும், ஒரு டிகிரி அளவு. அதனால் சுவர் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பொருள் கண்ணில் படும்.

சிடி பிரியன்:
இவ்வளவு பாடுக்கு சிடியே மேல் என்கிறேன்.

ஒளியியல் ஆசான்:
சிடி செய்வது விளிம்பு விளைவு (நெருக்கமான கோடுகளில் பட்டு ஒளி வளைந்து விரிவது). அதில் சிவப்புதான் அதிகம் விலகும், முப்பட்டகத்தில் ஊதா. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் குழந்தைகள் குழம்புவார்கள். ஏழு நிறத்தையும் வரிசையாகக் காட்ட முப்பட்டகமே சரி.

சிடி பிரியன்:
ஏழு என்று யார் எண்ணியது? நியூட்டன் முதலில் ஐந்துதான் சொன்னார். ஆரஞ்சையும் கருநீலத்தையும் பிறகு சேர்த்தார், ஏழு சுரத்தோடு பொருந்துவதற்காக. சுவரில் கோடு போட்டா பிரிந்திருக்கிறது?

ஒளியியல் ஆசான்:
பாடத்திட்டத்தில் ஏழு. தேர்வில் ஐந்து என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

சிடி பிரியன்:
கண்காட்சி தேர்வு இல்லையே சார். பார்க்கிற பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஒருத்தி ஆறு என்பாள், இன்னொருத்தி எட்டு என்பாள். அதை மழுப்பாமல் பேசினால்தான் அறிவியல்.

அல்சூர்க்காரன்:
இரண்டு பேரும் தனி இழை திறங்கள். அம்மா, ஆன்லைனில் படம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு நீளப் பிரிசம் விற்கிறார்கள், 15 செ.மீ. இருக்கும். நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பலவற்றில் முகம் 30 மி.மீ.தான். நியூட்டனே கால் அங்குலத் துளை போட்டுத்தான் வெயிலை விட்டார். சுவர் 22 அடி தள்ளி இருந்தது, பட்டை 13 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. 1672-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிற கணக்கு இது. உங்கள் ஹால் எத்தனை அடி?

ராமமூர்த்தி நகர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. தெரிந்த ஒரு கல்லூரி லேபில் 50 மி.மீ. இரவல் கிடைத்தது. புரொஜெக்டரில் வெள்ளைக் கோடு வைத்தோம், பக்கச் சுவரில் நன்றாக வந்துவிட்டது, மிஸ்ஸுக்கும் திருப்தி. லேப் அண்ணாவுக்கு மகள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள்.

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
சந்தோஷம் அம்மா. பட்டை எத்தனை செ.மீ. வந்தது, சுவர் எவ்வளவு தூரம்? சொன்னால் அது கிரௌனா பிளின்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.

மீன் தொட்டி:
ஒரு போட்டோ போடுங்களேன்.