ரா சாக்கெட்டில் பைட் ஆர்டர் படுத்திய பாடு, உங்களுக்கும் நடந்ததா?

ரா சாக்கெட்டில் (ஹெடரை நாமே எழுதித் தரக்கூடிய சாக்கெட்) ஐபி ஹெடரை நானே கட்டி, இணைப்பைத் தொடங்கும் டிசிபி சின் பாக்கெட்டை அனுப்பும் சின்ன டூல் ஒன்று எழுதியிருந்தேன். லினக்ஸில் பிரச்சினையே இல்லை. ஃப்ரீபிஎஸ்டி 10 மெஷினுக்குக் கொண்டுபோனதும் பாக்கெட்டை அனுப்பும் முதல் சென்ட்டூ அழைப்பிலேயே 'இன்வேலிட் ஆர்குமென்ட்'. ரூட் அனுமதி, சாக்கெட் ஆப்ஷன் எல்லாம் துருவிவிட்டு மேன் பக்கத்தைப் படித்தால், 11க்கு முந்தைய ஃப்ரீபிஎஸ்டியில் மொத்த நீளம், ஃப்ராக்மென்ட் ஆஃப்செட் (இந்தத் துண்டு பாக்கெட்டில் எங்கே தொடங்குகிறது என்பது) என்ற இரண்டு ஃபீல்டுகளை மட்டும் ஹோஸ்ட் ஆர்டரில், அதாவது மெஷினின் சொந்த பைட் வரிசையில் தர வேண்டுமாம்; மற்றதெல்லாம் பெரிய பைட் முதலில் வரும் நெட்வொர்க் ஆர்டர். நான் 40ஐ எச்டிஓஎன்எஸ் (நெட்வொர்க் ஆர்டருக்குத் திருப்பும் ஃபங்ஷன்) வழியாகக் கொடுத்திருந்தேன், சிறிய பைட் முதலில் வரும் இன்டெல் மெஷினில் கெர்னல் அதை 10240 என்று படித்திருக்கிறது. (லினக்ஸ் நாம் என்ன போட்டாலும் நீளத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.)

சரி என்று நீளத்தைத் திருத்தினேன். பாக்கெட் போனது, பதில் வரவில்லை. இரண்டு நாள் இதிலேயே போனது. பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லும் டோன்ட் ஃப்ராக்மென்ட் பிட்டும் அந்த ஆஃப்செட் ஃபீல்டில்தான் இருக்கிறது, ஹெக்ஸில் 4000, அதை இன்னும் பழையபடி திருப்பியே கொடுத்துக்கொண்டிருந்தேன். கெர்னலும் தன் பங்குக்குத் திருப்ப, வயரில் 0040 ஆகிவிட்டது. அதாவது ஆஃப்செட் 64, எட்டால் பெருக்கினால் 512 பைட். எதிர்முனை அதை ஏதோ பெரிய பாக்கெட்டின் கடைசித் துண்டு என்று எடுத்துக்கொண்டு, வராத முதல் துண்டுக்காகக் காத்திருந்துவிட்டுத் தூக்கிப்போடும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்பில் 'ஆஃப்செட் 512' கண்ணில் பட்ட பிறகுதான் விளங்கியது. எரர் கொடுத்த ஃபீல்டு எவ்வளவோ மேல்.

—

அண்ணா, எனக்கு வாங்குகிற பக்கத்தில் நடந்தது. மேக்ஓஎஸ்ஸில் பிங் பதிலின் ஐபி ஹெடரில் உள்ள நீளத்தை பைட் வரிசை திருப்பிப் படித்தால் 16384. திருப்புவதை எடுத்தேன், 64 வந்தது. பிங் கட்டளையும் 64 பைட் என்றுதானே காட்டும், சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். உண்மையில் பாக்கெட் 84 பைட், ஹெடரின் 20ஐ கெர்னலே கழித்துத் தருகிறது. என் கோட் இன்னொரு 20ஐக் கழித்து, டேட்டாவின் கடைசி 20 பைட்டை விட்டுவிட்டது. இப்போது அந்த ஃபீல்டைப் படிப்பதே இல்லை, பாக்கெட்டை வாங்கும் ரெசிவ்ஃப்ரம் தரும் பைட் எண்ணிக்கையைத்தான் எடுக்கிறேன்.

—

அருமை தம்பி, அந்த 64ஐப் பார்த்தால் நானும் நம்பியிருப்பேன். அனுப்பும் பக்கத்தில் நான் செய்தது: ஹெடர் முழுவதும் நெட்வொர்க் ஆர்டரிலேயே இருக்கும், சென்ட்டூவுக்கு முந்தைய ஒரே ஃபங்ஷனில் ஓஎஸ், வெர்ஷன் பார்த்து அந்த இரண்டு ஃபீல்டுகளையும் சேர்த்தே மாற்றுகிறேன். பிஎஸ்டி என்றாலே ஹோஸ்ட் ஆர்டர் என்று எழுதிவிடாதீர்கள், ஓபன்பிஎஸ்டி நெட்வொர்க் ஆர்டரைத்தான் கேட்கும்.