அப்பாவின் கைநடுக்கத்துக்கு 1,65,000 ரூபாயில் ஹைட்ரஜன் தண்ணீர் மிஷின், வாங்கலாமா?

காவிரிக்கரை

வணக்கம் மக்களே. அப்பாவுக்கு 68 வயது, மூன்று வருடமாகப் பார்க்கின்சன், லெவோடோபா மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. வலது கை நடுக்கம்தான் பெரிய தொல்லை. காபி டம்ளரை அரைக்கு மேல் நிரப்பினால் மீதி வேட்டிக்குத்தான்.

போன ஞாயிறு சித்தப்பா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், கையில் பெட்டி, அதற்குள் தண்ணீரில் ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்துக் கொடுக்கும் மிஷின். அந்த ஆள் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு சுவிட்சைப் போட்டார், ஒரு நிமிடத்தில் சாக்கடை மாதிரி பழுப்பாகி மேலே நுரை கட்டியது, அம்மா முகமே வெளுத்துவிட்டது. "இதைத்தாம்மா இத்தனை வருஷமா குடிச்சிருக்கீங்க" என்றார். அப்புறம் வேறு டம்ளரில் நாலு சொட்டு பீட்டாடின் விட்டு மிஷின் தண்ணீரை ஊற்றினார், கலர் மாயமாகிவிட்டது. உடம்பில் செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கலும் இப்படித்தான் காலியாகுமாம். ஜப்பானில் ஆஸ்பத்திரியிலேயே ஹைட்ரஜன் கொடுக்கிறார்கள், பார்க்கின்சனுக்கே ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள், ஆறு மாதத்தில் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

விலை 1,65,000. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இது முழுக்க ஏமாற்றா, இல்லை உள்ளே ஏதாவது விஷயம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சொந்தக்காரர் விஷயம், ஆதாரம் இல்லாமல் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சோடாபுட்டி

பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூ பசங்களுக்கு வேதியியல் எடுக்கிறேன், அந்த இரண்டு வித்தையை மட்டும் நான் உடைத்துவிடுகிறேன், மருத்துவம் எனக்குத் தெரியாது.

பழுப்பு நிறம் உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை சார். கம்பியில் ஒன்று இரும்பு. போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும், அவ்வளவுதான். ஆர்ஓ தண்ணீரில் அதே கம்பியை விட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதில் மின்சாரம் சரியாகப் பாயாது. அந்த ஆள் அடுத்த தடவை வந்தால் ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள், அதுவும் சாக்கடையாகிவிடும்.

பீட்டாடினில் இருப்பது அயோடின். எலக்ட்ரான் கொடுக்கிற எதைக் கண்டாலும் அது நிறம் விட்டுவிடும். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், அதில் இருக்கும் வைட்டமின் சி-யே போதும், கண் எதிரில் வெளுக்கும். டம்ளரில் அயோடின் வெளுத்ததற்கும் அப்பாவின் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்தான் சொல்லவேண்டும். இதை வருடாவருடம் வகுப்பில் செய்து காட்டுகிறேன், எனக்கு யாரும் ஒரு லட்சம் கொடுக்கவில்லை.

மாத்திரைக்காரி

மருந்தியல் படித்தவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழுக்க ஏமாற்று என்று சொல்லமாட்டேன். 2007-ல் ஜப்பானில் நிப்பான் மருத்துவக் கல்லூரியில் ஷிகேயோ ஓட்டா குழுவினர் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள், மூளைக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்தி மறுபடி திறந்துவிட்ட எலிகளுக்கு ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்தபோது மூளைச் சேதம் குறைந்தது, அதுவும் செல்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சில், பெராக்சிநைட்ரைட் மாதிரியான முரட்டு ஆசாமிகளை மட்டும் அது அடக்கியது, செல்கள் தங்களுக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி சாதுக்களைத் தொடவில்லை என்பதுதான் அதன் சாரம். இந்தத் துறை இவ்வளவு பெரிதானது அதற்கப்புறம்தான். ஆனால் ஒரு கேள்வி அப்போதிலிருந்தே தொங்குகிறது. ஹைட்ராக்சில் பக்கத்தில் எது இருந்தாலும் அந்த நொடியே பாய்ந்துவிடும், கொழுப்போ புரதமோ பார்க்காது, கரைந்திருக்கும் துளி ஹைட்ரஜன் தேடி வரும்வரை அது எங்கே காத்திருக்கப் போகிறது? அதனால் நேரடியாக அணைப்பதைவிட, செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை அது தூண்டிவிடுகிறதோ என்று இப்போது நிறையப் பேர் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் அப்பா விஷயம். விற்பவர் சொன்ன பார்க்கின்சன் ஆராய்ச்சி உண்மையில் நடந்ததுதான். டோக்கியோவில் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தில், லெவோடோபா எடுக்கும் நோயாளிகளுக்கு 48 வாரம் தினமும் 1 லிட்டர் ஹைட்ரஜன் தண்ணீர் கொடுத்தார்கள், கணக்கில் வந்தவர்கள் 17 பேர், 2013-ல் வெளியானது, கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கதையை இங்கேயே நிறுத்தினால் மிஷின் விற்றுவிடும். அதே ஆட்கள் அடுத்து 178 பேரைச் சேர்த்துப் பல ஆஸ்பத்திரிகளில் 72 வாரம் பார்த்தார்கள், யாருக்கு எந்தத் தண்ணீர் என்று நோயாளிக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. 2018-ல் முடிவு வந்தது: பக்கவிளைவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் சாதாரணத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமும் இல்லை. உங்கள் சித்தப்பாவிடம் இந்த இரண்டாவதைப் பற்றி அந்த ஆள் சொன்னாரா என்று மட்டும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுப்பது என்றாரே, அது இதயக் கோளாறால் இதயத் துடிப்பு நின்றுபோய் மீட்கப்பட்டு மயக்கத்தில் இருப்பவர்களுக்கு, வென்டிலேட்டர் வழியாக 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயு, 18 மணி நேரம். 73 பேரோடு கொரோனா காலத்தில் நின்றுபோன ஆய்வு அது. பிழைத்தவர்கள் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது, முதன்மையாக எடை போட நினைத்த மூளை நிலையில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. நம்பிக்கை தருகிற விஷயம்தான், ஆனால் அது வேறு, சமையலறைக் குழாயில் மாட்டும் பெட்டி வேறு.

மாத்திரையைக் குறைக்கும் பேச்சை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். மிஷின் வாங்கினால் பணம்தான் போகும், இதில் ஆளே போகலாம்.

தண்டால்

எல்லாரும் சேர்ந்து அடிக்காதீங்க. நான் எட்டு மாதமாக ஹைட்ரஜன் பாட்டில் வைத்திருக்கிறேன், ஆன்லைனில் வாங்கியது, சில ஆயிரம்தான். ஜிம்மில் லெக் டே முடிந்த மறுநாள் முன்பு மாதிரி படியிறங்கக் கஷ்டமாக இல்லை. கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஜப்பானில் செய்த ஆய்வில், கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் குறைந்தது என்று நானும் படித்திருக்கிறேன். எனக்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

மாத்திரைக்காரி

தம்பி, அந்தக் கால்பந்து ஆய்வு 10 பேரை வைத்துச் செய்தது. உங்களுக்கு நன்றாக இருந்தால் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் பாட்டிலில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்தீர்களா? சாதாரண அழுத்தத்தில் 1 லிட்டர் தண்ணீரில் கரைவதே சுமார் 1.6 மி.கி., திறந்து வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் பாதி பறந்துவிடும், பிளாஸ்டிக் வழியாகவும் கசியும். ஜப்பானின் நுகர்வோர் மையம் 2016-ல் கடையில் விற்ற ஹைட்ரஜன் தண்ணீர்களைச் சோதித்தபோது சில பெட் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஹைட்ரஜனே கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். உங்கள் குடலே ஹைட்ரஜன் தயாரிக்கிறது. செரிக்காத மாவுச்சத்தும் நாரும் பெருங்குடலுக்குப் போனால் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து ஹைட்ரஜன் விடும், அது ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியே வரும். பால் ஒத்துக்கொள்கிறதா என்று மூச்சை ஊதச் சொல்லிப் பார்க்கும் டெஸ்ட் இதை வைத்துத்தான். மொச்சைக் குழம்பு சாப்பிட்ட ராத்திரி வயிறு உப்புகிறதே, அதிலும் ஹைட்ரஜன் உண்டு.

சோடாபுட்டி

தண்டால், ஒரு விஷயம். இந்த மாதிரி பாட்டில் மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்கிறது. விலை குறைந்த பாட்டிலில் நடுவில் சவ்வு இருக்கிறதா, ஆக்சிஜன் பக்கத்து வாயு தனியாக வெளியே போகிறதா என்று பாருங்கள். சவ்வு இல்லாமல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் குளோரினும் அதே தண்ணீரில் கலந்துவிடும். நீச்சல் குள வாசனை வந்தால் கீழே ஊற்றுங்கள்.

தண்டால்

வாசனை லேசாக வருகிறது. ஹைட்ரஜன் வாசனை என்று நினைத்தேன் 😬

சோடாபுட்டி

ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது தம்பி.

காவிரிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா எதிரிலேயே இரண்டு டம்ளரில் பீட்டாடின் விட்டு ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பழச்சாறு நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாதான் "மிச்ச அரைப் பழத்தை வீணாக்காதே, ஜூஸ் போடு" என்றார், பாதி டம்ளர் போட்டுக் கொடுத்தேன், சிந்தவில்லை. 178 பேர் ஆய்வைப் பற்றி சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. அட்வான்ஸ் பணத்துக்கு அந்த மிஷின்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.